விளக்கு யார் கையில்?

கொட்டகையிலே விளக்கு அணைகிறது. ஐந்நூறு பேர் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் இருக்கிறார், ஆலைத் தொழிலாளி இருக்கிறார், பேயுமில்லை, பிசாசுமில்லை என்று மேடையேறி முழங்கும் இளைஞரும் இருக்கிறார். வெண்திரையிலே ஒரு மாடிப்படி. மேலே பாதி திறந்த கதவு. ஒரு பெண் படியேறிச் செல்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆயினும் ஐந்நூறு பேரின் மூச்சும் ஒரு நொடி நின்றுவிடுகிறது! கைகள் நாற்காலியை இறுகப் பற்றுகின்றன. நெற்றியிலே வியர்வை அரும்புகிறது.

எதைக் கண்டு இந்த நடுக்கம்? எதிரே இருப்பது வெள்ளைத் துணி. அதன்மீது விழுவது வெளிச்சம். காதிலே கேட்பது ஒலிபெருக்கியின் அதிர்வு. துணிக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. வெளிச்சத்துக்குக் கழுத்தைக் கடிக்கத் தெரியாது. இதனை அந்த ஐந்நூறு பேரும் அறிவர். அறிந்தும் அஞ்சுகின்றனர்!

அச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இருட்டிலிருந்து என்பர் சிலர். ஆவியிடமிருந்து என்பர் சிலர். முன்வினைப் பயன் என்று கூறி முடித்துவிடுவாரும் உளர். படம் எடுப்போரிடம் சென்று கேட்டுப் பாருங்கள். வேறு விடை கிடைக்கும். "விளக்கை இன்ன இடத்திலே வைத்தோம், ஒலியை இன்ன நொடியிலே நிறுத்தினோம், சிவப்பை இன்ன மூலையிலே தீட்டினோம், அச்சம் வந்தது" என்பர். அவ்வளவுதான்! அச்சம் வானத்திலிருந்து இறங்கியதன்று. தச்சர் நாற்காலி செய்வதுபோல, தறியிலே துணி நெய்வதுபோல, கருவி கொண்டு செய்யப்பட்ட பொருள். அதற்குப் பட்டறை உண்டு, வரலாறும் உண்டு.

அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். செய்முறை தெரிந்தவனை அச்சம் அடிமை கொள்வதில்லை; அது ஒரு பயன். மற்றொரு பயனும் உண்டு. கொட்டகைக்காரர் கையில் இருந்த கருவிகளை ஆட்சிக்காரர் கைப்பற்றிய கதை இந்த வரலாற்றின் நடுவிலே கிடக்கிறது. அதைக் காணாமல் பகுத்தறிவாளன் கண்மூடிச் செல்லலாகாது.

எலும்புக்கூடும் எண்ணெய் விளக்கும்

கதை திரைப்படத்துக்கும் முன்னே தொடங்குகிறது. 1659-ஆம் ஆண்டு. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சனிக்கோளின் வளையத்தை உலகுக்கு விளக்கியவர், விளக்கும் கண்ணாடி வில்லையும் கொண்டு சுவரிலே உருவம் விழச்செய்யும் ஒரு கருவியைப் பற்றிக் குறிப்பெழுதினார். அக் கருவிக்கென அவர் வரைந்துவைத்த உருவம் எது தெரியுமா? பூவன்று, பறவையன்று, தன் மண்டையோட்டைத் தானே கழற்றி எடுக்கும் எலும்புக்கூடு! வானத்தை அளந்த பேரறிஞர், சுவரிலே வெளிச்சம் பாய்ச்சும் வழி கண்டதும் முதலில் எண்ணியது மரணத்தின் உருவை. ஒளியைக் கொண்டு அஞ்சவைக்கலாம் என்பது அக் கருவி பிறந்தபோதே உடன்பிறந்த உண்மை.

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன. 1798-இல் பாரிஸ் நகரிலே, லியேஜ் ஊரிலிருந்து வந்த எத்தியேன் ராபர்ட் என்பவர், ராபர்ட்சன் என்ற பெயரோடு 'ஃபான்டஸ்மகோரியா' எனும் ஆவிக்காட்சியைத் தொடங்கினார். புரட்சியின் தலைவெட்டும் பொறி ஓய்ந்து ஆண்டுகள் சிலவே ஆகியிருந்த காலம். தந்தையை இழந்தோர், தமையனை இழந்தோர் நிறைந்த நகரம். அங்கே, மறு ஆண்டிலே, கைவிடப்பட்ட ஒரு மடத்தைப் பிடித்து, அதன் இருண்ட கூடத்திலே மக்களை உட்காரவைத்தார். விளக்கு அணைந்தது. கண்ணாடிக் கிண்ணங்களை விரலால் தேய்த்தெழுப்பும் ஹார்மோனிகாவின் மெல்லிய அலறல் எழுந்தது. இருளின் நடுவே ஒரு வெளிச்சப்புள்ளி. அது முகமாயிற்று, முகம் வளர்ந்தது, பாய்ந்து வந்தது! மக்கள் வீறிட்டனர்.

செய்தது என்ன? திரைக்குப் பின்னாலே, சக்கரம் பூட்டிய பெட்டிக்குள் ஒரு விளக்கு. பெட்டியைப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகும். ஆள் அருகே வருவதாகத் தோன்றும். கண்ணாடித் தகட்டிலே உருவத்தைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் பூசியதால், ஓரம் தெரியாமல் உருவம் மட்டும் காற்றிலே மிதக்கும். சில வேளைகளில் புகைமீதே வெளிச்சம் பாய்ச்சினார். புகை அசைய, உருவமும் அசைந்தது. ஒளி, ஒலி, கறுப்பு வண்ணம் மூன்றும் அன்றே கூட்டுச் சேர்ந்துவிட்டன.

இந்த ராபர்ட்சனிடம் ஒரு நேர்மை இருந்தது. தாம் காட்டுவது அறிவியலின் விந்தையே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆவியை அழைத்தேன் என்று கூறிக் காணிக்கை கேட்கவில்லை. காட்சி காட்டினேன் என்று கூறிக் கட்டணம் கேட்டார். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பூசாரிகள் மறைத்துவைத்த வித்தையை நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டினார்! இந்த நேர்மையை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் தேவைப்படும்.

வெடிகுண்டும் மேசையும்

1895 டிசம்பர் 28-இல் லூமியேர் உடன்பிறந்தார் பாரிஸிலே கட்டணம் பெற்று அசையும் படம் காட்டினர். மறு ஆண்டே மெலியே என்பார் வௌவால் பேயாகும் சிறு படத்தை எடுத்துவிட்டார். ஆனால் அதனைக் கண்டவர்கள் சிரித்தனர், வியந்தனர். நடுங்கினர் எனக் கூறுவதற்கில்லை. ஏன்? பேய் திடீரென வந்தது, திடீரென மறைந்தது. காத்திருக்க நேரமில்லை. திகிலுக்குக் காத்திருப்பே உயிர்.

இதனை ஆங்கில இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசுகின்றனர். மேசைக்கடியிலே வெடிகுண்டு. நமக்கு அது தெரியாது. வெடிக்கிறது. நாம் பெறுவது பதினைந்து நொடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதையும், அது வெடிக்கும் நேரத்தையும் நமக்கு முன்னரே காட்டிவிட்டால்? அவ்விருவரும் வெட்டிப்பேச்சுப் பேசும் பதினைந்து நிமிடமும் நாம் துடிக்கிறோம்! குண்டு ஒன்றேதான், மாறியது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது மட்டும்.

ஆக, திகில் என்பது அறிவைப் பங்கிட்டு அளக்கும் கலை. முழுதும் தெரிந்தவன் அஞ்சான். ஒன்றும் தெரியாதவனும் அஞ்சான். பாதி தெரிந்தவனே நடுங்குகிறான். அந்தப் பாதியை அளந்து ஊற்றும் படிகள்தாம் ஒளியும், ஒலியும், வண்ணமும்.

நிழல் நடந்தது

ஒளியின் படியை முதலில் நுட்பமாகக் கையாண்டது ஜெர்மனி. முதல் உலகப்போரிலே தோற்று, பசியும் பணவீக்கமும் கலகமும் சூழ்ந்த நாடு அது. 1920 பிப்ரவரியில் பெர்லினிலே 'டாக்டர் கலிகாரியின் அறை' வெளிவந்தது. இராபர்ட் வீனே இயக்கிய படம். தூங்கிக்கொண்டே நடப்பவனை ஏவிக் கொலை செய்விக்கும் ஒரு மருத்துவனின் கதை. அந்தப் படத்தின் தெருக்கள் கோணல், சுவர்கள் சாய்வு, சாளரங்கள் கத்தி முனைபோலக் கூர்மை. ஓவியர் மூவர் கூடி, நிழலையும் வெளிச்சத்தையும் திரைச்சீலையிலும் தரையிலும் தூரிகையால் தீட்டிவிட்டனர்! விளக்கு அணைந்தாலும் அணையாத நிழல் அது. உலகமே கோணலாகிவிட்டதென்ற உணர்வை, ஒரு சொல்லும் பேசாமல், கோடுகளே உண்டாக்கின.

இரண்டாண்டு கழித்து, 1922-இல் முர்னாவ் 'நாஸ்ஃபெராட்டு' படத்தை எடுத்தார். இவர் நிழலைத் தீட்டவில்லை, நடக்கவிட்டார். குருதி குடிக்கும் கோமான் மாடியேறி வருகிறான். அவனை நாம் காண்பதில்லை. சுவரிலே கூனிய முதுகும் நீண்ட நகங்களும் கொண்ட நிழல் மட்டும் ஏறுகிறது. கதவை நோக்கி அந்தக் கை நீள்கிறது. ஆளைக் காட்டியிருந்தால், வேடம் போட்ட நடிகன் என்று அறிந்திருப்போம். நிழலைக் காட்டியதால், எஞ்சிய பாதியை நம் மனமே செய்து முடிக்கிறது. நம்மைக் கொண்டே நம்மை அஞ்சவைக்கும் சூழ்ச்சி!

அந்தப் படத்தின் இரவுகளிலே ஒரு வேடிக்கை உண்டு. வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலிலேதான் எடுத்தார்கள். அந்நாளைய படச்சுருள் இருளிலே உருவத்தைப் பற்றும் வலிமையற்றது. எனவே பகலிலே எடுத்து, சுருளை நீலச் சாயத்திலே தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு. மஞ்சள் என்றால் பகலும் விளக்கொளியும். கோமான் சவப்பெட்டியைச் சுமந்து ஊருக்குள் நடப்பது பட்டப்பகலில்! சாயம் ஏறாத பிரதியைக் கண்டவர்கள், சூரியஒளி பட்டால் மாளும் பேய் வெயிலிலே உலாவுவதைக் கண்டு திகைத்ததுண்டு. நம்மை நடுக்கிய நள்ளிரவு ஒரு சாயத்தொட்டியிலே பிறந்தது!

முகத்துக்குக் கீழே விளக்கு வைத்தால் ஏன் கோரமாகத் தோன்றுகிறது? இதற்கும் மாயமில்லை. மனிதன் தோன்றிய நாள்முதல் வெளிச்சம் மேலிருந்து வருகிறது. கதிரவன் தலைக்குமேலே இருக்கிறான். கண்குழியிலே நிழல், கன்னத்திலே ஒளி என்ற ஒழுங்கிலேதான் நாம் முகங்களைப் படிக்கப் பழகியிருக்கிறோம். விளக்கைத் தாழ வைத்தால் அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. பழகிய முகம் பழகாத முகமாகிறது. தாயின் முகமும் அந்த வெளிச்சத்திலே அயலாள் முகம்தான். கோரம் முகத்திலே இல்லை. விளக்கு வைத்த இடத்திலே இருக்கிறது.

சீழ்க்கை

படம் பேசத் தொடங்கியதும் பெரும்பாலோர் அதை ஓயாது பேசவைத்தனர், பாடவைத்தனர். 1931-இல் ஃபிரிட்ஸ் லாங் தம் முதல் பேசும்படமான 'எம்' எடுத்தபோது, ஒலியைக் கஞ்சனைப்போலச் செலவிட்டார். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. அவன் வருகிறான் என்பதற்கு அடையாளம் ஒரு சீழ்க்கை: கிரீக் எனும் நார்வே இசைவாணரின் மெட்டு. முதலில் அவன் நிழல் மட்டும், அவனைப் பிடிப்போருக்குப் பரிசு தருவதாக ஒட்டப்பட்ட அறிவிப்பின் மீதே விழுகிறது! பின்னர் சீழ்க்கை.

சிறுமி எல்சி வீடு திரும்பவில்லை. தாய் அழைக்கிறாள். குரல் ஒலிக்க, நாம் காண்பவை ஆளில்லாத மாடிப்படி, துணி உலரும் வெறும் பரண், தட்டு வைத்த மேசையருகே காலியான நாற்காலி. பின்னர் ஓசையே இல்லை. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. மின்கம்பியிலே ஒரு பலூன் சிக்கித் தவிக்கிறது. கொலையைக் காட்டவில்லை, குருதியைக் காட்டவில்லை, கண்டவர் நெஞ்சு கனத்தது. இறுதியில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பவரும் பார்வையற்ற பலூன் வியாபாரி! கண்ணுள்ளவர் எல்லாம் தேடியும் அகப்படாதவனை, அவர் சீழ்க்கையைக் கேட்டுப் பிடித்துக்கொடுக்கிறார்.

அந்தக் கொலைகாரனாக நடித்தவர் பீட்டர் லோரே, யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படத்தின் முடிவிலே, கூட்டமாகக் கூடித் தீர்ப்பளிக்க முனைவோர் முன்னே, தன்னுள் இருக்கும் வெறியைத் தன்னால் அடக்கமுடியவில்லை என்று அவர் கதறும் காட்சி உலகப்புகழ் பெற்றது. அந்தக் காட்சிக்குப் பின்னர் நேர்ந்த கதியை விரைவில் காண்போம். 1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டே லாங் வெளியேறினார், லோரே வெளியேறினார், 'கலிகாரி'யிலே தூங்கி நடந்தவனாக நடித்த கான்ராட் வைட்டும் வெளியேறினார். 1934-இல் 'எம்' தடை செய்யப்பட்டது. ஜெர்மனியின் நிழற்கலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல்கடந்தது.

கடல்கடந்த கலை

அமெரிக்காவிலே அந்தக் கலை புதுப்பயிராய்த் தழைத்தது. 1942-இல் 'கேட் பீப்பிள்' என்ற படம் குறைந்த செலவிலே எடுக்கப்பட்டது. தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் ஜாக் டர்னர். ஒரு பெண் இரவிலே பூங்காச் சுவரோரம் நடக்கிறாள். தெருவிளக்கின் வெளிச்ச வட்டம், பின் இருள், மீண்டும் வட்டம். பின்னாலே மற்றொருத்தியின் காலடியோசை. அந்த ஓசை திடீரென நின்றுவிடுகிறது. தொடர்ந்தவள் மனுஷியாக நடக்கவில்லையென்றால் என்னவாக வருகிறாள்? நாம் செவி தீட்டுகிறோம்; சிறுத்தையின் உறுமலை எதிர்பார்க்கிறோம். சீறல் கேட்கிறது! துள்ளுகிறோம். வந்து நின்றது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்! இந்த உத்திக்குத் திரைத் தொழிலாளரிடையே 'பஸ்' என்றே பெயராகிவிட்டது. விலங்கையே காட்டாமல் விலங்கச்சத்தை விற்றார்கள்.

ஹிட்ச்காக்கும் ஜெர்மனியின் மாணாக்கரே. 1920-களின் நடுவிலே அங்கே பணியாற்றி, முர்னாவ் படமெடுப்பதை அருகிருந்து கண்டவர். 1941-இல் 'சஸ்பிஷன்' படத்திலே, கணவன் மனைவிக்குப் பால் கொண்டு மாடியேறுகிறான். பாலிலே நஞ்சு உண்டா, இல்லையா? இருண்ட படியிலே பால்குவளை மட்டும் பளீரென ஒளிர்கிறது. காரணம், குவளைக்குள்ளே சிறு மின்விளக்கை ஒளித்துவைத்தார்! நம் கண் கணவனை விட்டுக் குவளையிலே ஒட்டிக்கொண்டது. வெண்மை தூய்மையின் நிறம் என்பர். அந்த வெண்மையையே ஐயத்தின் நிறமாக்கினார்.

தமிழ்த் திரையிலும் இந்த ஒளிநிழற் கலை கால்வைத்தது. பாட்டில்லாமல் படமேது என்றிருந்த நாளிலே, 1954-இல், எஸ். பாலச்சந்தர் இயக்க, ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' படத்தை வெளியிட்டது. பாட்டில்லை, நடனமில்லை. தொடக்கத்திலேயே கதைத்தலைவன் சுடப்பட்டு வீழ்கிறான். சுட்டது யார் என்று ஒவ்வொருவர் கூற்றாக அவிழ்கிறது கதை. பாட்டு ஒதுங்கிய இடத்திலே காலடிக்கும் மௌனத்துக்கும் நிழலுக்கும் இடம் கிடைத்தது. கேட்பதையும் காண்பதையும் ஐயுற்றுப் பார் என்று கற்பித்த படம் அது.

1960-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வந்தது. குளியலறையிலே ஒரு பெண் குத்திக் கொல்லப்படும் காட்சி ஏறத்தாழ நாற்பத்தைந்து நொடிதான். அதற்கு இசையே வேண்டாமென்று இயக்குநர் முதலில் எண்ணினார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், படம் முழுவதுக்கும் தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு இசையமைத்தவர், அந்த இடத்துக்கும் ஓர் இசையை எழுதிக் காட்டினார். வயலின்கள் பறவைபோலக் கிறீச்சிட்டன. கேட்ட இயக்குநர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். வழிந்தோடிய குருதி, சாக்லேட் பாகு! கத்தி பாயும் ஓசை, முலாம்பழத்தைக் குத்திய ஓசை! பாகும் பழமும் நரம்பும் கூடி உலகையே குளியலறைக் கதவைத் தாழிடவைத்தன.

மூன்றாண்டு கழித்து அதே இயக்குநர் 'பறவைகள்' படத்திலே பின்னணி இசையையே நீக்கிவிட்டார். மின்கருவியால் உண்டாக்கிய சிறகோசையும் கரைதலும் மட்டும். பள்ளிக்கு வெளியே ஒருத்தி அமர்ந்திருக்கிறாள், உள்ளே குழந்தைகள் பாடுகின்றனர், அவள் முதுகுக்குப் பின்னே காகம் ஒன்று வந்து அமர்கிறது, பின் நான்கு, பின் கூட்டம். அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேசைக்கடியிலே வெடிகுண்டு, நினைவிருக்கிறதல்லவா?

1975-இல் 'ஜாஸ்' படத்திலே, செய்து வைத்த இயந்திரச் சுறா உப்புநீரிலே பழுதுபட்டுக்கொண்டே இருந்தது. எனவே சுறாவைக் காட்டாமல், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்களைச் சுறாவாக்கினர். சுரம் ஒலித்தால் சுறா வருகிறது. இரு சிறுவர் அட்டைத் துடுப்பை முதுகிலே கட்டி நீந்தி ஊரை ஏமாற்றும்போது அந்த இசை ஒலிப்பதில்லை! செவி கூறிய உண்மையைக் கண் கேட்கவில்லை. 1978-இல் ஜான் கார்பென்டர் தம் 'ஹாலோவீன்' படத்தை இசை சேர்க்குமுன் ஒரு திரை நிறுவன அலுவலருக்குக் காட்டினார். அவர் சிறிதும் அஞ்சவில்லை. கார்பென்டர் தாமே அமைத்த பியானோ இசையைச் சேர்த்தார். அதே காட்சிகள், அதே முகமூடி. ஆனால் கொட்டகைகள் அலறின.

சிவப்பின் வேலை

வண்ணம் எளிதிலே திகிலுக்கு வசப்படவில்லை. வண்ணப் படமென்றால் ஆடலும் பாடலும் அரண்மனையும் என்றிருந்தது. 1957, 1958-இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைனையும் டிராகுலாவையும் வண்ணத்திலே கொணர்ந்தது. 'டிராகுலா'வின் தொடக்கத்திலேயே, சவப்பெட்டியில் பொறித்த பெயரின்மீது பளிச்செனச் சிவப்புத் துளிகள் விழுகின்றன. கறுப்பு வெள்ளையிலே குருதி வெறும் கறை. வண்ணத்திலே அது காயம். இதை உணர்ந்ததால்தான் ஹிட்ச்காக், வண்ணம் கைக்கெட்டும் நாளிலும், 'சைக்கோ'வைக் கறுப்பு வெள்ளையிலே எடுத்தார். சிவப்பைக் காட்டினால் மக்கள் அருவருத்து முகம் திருப்புவர். திருப்பிய முகத்தை அஞ்சவைக்க இயலாது!

1958-இல் அவரது 'வெர்டிகோ'விலே, விடுதியின் பச்சை நியான் விளக்கொளியிலே குளித்து, இறந்தவள் திரும்பி வந்ததுபோல ஒரு பெண் நிற்கிறாள். அறைக்கு வெளியே ஒரு விளம்பரப்பலகை இருக்கிறது, அவ்வளவே காரணம். 1973-இல் நிக்கலஸ் ரோக் எடுத்த 'டோன்ட் லுக் நவ்' படத்திலே, சிவப்பு மேலங்கி அணிந்த சிறுமி குளத்திலே மூழ்கி மாள்கிறாள். பின்னர் வெனிஸ் நகரின் மங்கிய சந்துகளிலே எங்கேனும் ஒரு துளி சிவப்பு தென்பட்டால் தந்தையின் நெஞ்சோடு நம் நெஞ்சும் பதறுகிறது. நிறத்துக்கு ஒரு துயரத்தைப் பழக்கிவிட்டார் இயக்குநர். பின்னர் நிறமே அழைத்தது, தந்தை பின்சென்றான், அழிவைச் சேர்ந்தான். 1977-இல் இத்தாலியின் டாரியோ அர்ஜென்டோ 'சஸ்பிரியா'விலே, அந்நாளில் அருகிவந்த பழைய டெக்னிகலர் அச்சுமுறையைக் கொண்டு, காரணமே கூறாமல் சுவர்களிலும் முகங்களிலும் சிவப்பையும் நீலத்தையும் பாய்ச்சினார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபோது மனம் அமைதி இழக்கிறது.

நிறத்துக்கு உள்ளேயே அச்சம் இல்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. சிவப்பு மணப்பெண்ணுக்கும் உரியது, கொலைக்களத்துக்கும் உரியது. எதனோடு சேர்த்துக் கட்டுகிறோமோ அதுவே அதன் பொருள். இப்படிக் கட்டும் கைதான் நாம் கவனிக்கவேண்டிய கை.

எலிகள்

இப்போது ஆண்டுகளைப் பின்னோக்கித் திருப்புவோம். 1940. ஜெர்மனியின் நிழற்கலைஞர்கள் நாடுகடந்து சென்றபின், அவர்கள் விட்டுச்சென்ற பட்டறை யார் கையிலே சிக்கியது?

'நாஸ்ஃபெராட்டு'விலே, குருதி குடிக்கும் கோமான் கப்பலேறி வரும்போது, மண் நிறைந்த பெட்டிகளிலே எலிகள் வருகின்றன. ஊரிலே கொள்ளைநோய் பரவுகிறது. அது 1922-இன் கற்பனை. கட்டணம் கொடுத்துக் கண்ட கதை. 1940 நவம்பரிலே பெர்லினிலே வெளியிடப்பட்ட 'நித்திய யூதன்' என்ற படத்திலும் எலிகள் வந்தன. எலிக்கூட்டம் ஓடுகிறது, நிலப்படத்திலே கோடுகள் பரவுகின்றன, யூதர்களும் இப்படித்தான் உலகெங்கும் பரவினர் என்று ஒரு குரல் கூறுகிறது. இதைக் கற்பனை என்று சொல்லவில்லை. உண்மை விளக்கப்படம் என்றார்கள்! போலந்திலே நாஜிகளே அடைத்துவைத்து, பட்டினி போட்டு, நெருக்கித் தள்ளிய சேரிகளிலே படமெடுத்துவிட்டு, 'பாருங்கள், இவர்கள் வாழும் அழுக்கை' என்றார்கள். அழுக்கை உண்டாக்கிய கையே அதன்மேல் விளக்கையும் பிடித்தது!

இன்னும் கேளுங்கள். பீட்டர் லோரே 'எம்' படத்திலே கதறிய அந்தக் காட்சியை வெட்டியெடுத்து இந்தப் படத்திலே ஒட்டினார்கள். தங்கள் ஆட்சி தடை செய்த படம். தங்கள் ஆட்சிக்கு அஞ்சி வெளியேறிய நடிகர். அவர் நடித்த பாத்திரத்தின் வெறியை, அவர் பிறந்த இனத்தின் இயல்பு என்று காட்டினார்கள்! அரிச்சந்திரன் வேடம் போட்டவன் சுடுகாட்டுக் காவலன் ஆகிவிடுவதில்லை என்பது தெருக்கூத்துக் காணும் சிறுவனுக்கும் தெரியும். அந்தச் சிறுவனின் அறிவையும் ஒரு நாட்டு மக்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

அதே ஆண்டிலே கோயபல்ஸின் தூண்டுதலால் 'யூதன் சூஸ்' என்ற கதைப்படம் வந்தது. எஸ்.எஸ். படையினரும் காவல்துறையினரும் அதைக் காணவேண்டுமென ஹிம்லர் ஆணையிட்டான். ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர். அடுத்த ஐந்தாண்டிலே ஐரோப்பாவின் யூத மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். படம் கொன்றது என்று கூறவில்லை. கொன்றவை ஆட்சியும் துப்பாக்கியும் நச்சுப்புகையும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துச் சென்றபோது கதவை மூடிக்கொண்ட கைகளுக்கு, மூடுவது சரியே என்று கூறியவற்றிலே அந்த வெண்திரையும் ஒன்று.

ராபர்ட்சனின் நேர்மையை நினைவிலே வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அவரும் அஞ்சவைத்தார், முர்னாவும் ஹிட்ச்காக்கும் அஞ்சவைத்தனர். ஆனால் காட்சி முடிந்ததும் கொட்டகையிலே விளக்கு ஏற்றப்பட்டது. பக்கத்திலிருப்பவர் பேயல்லர், நம்மைப்போல வியர்த்துப்போன மனிதரே என்று கண்டு சிரித்தோம். 1940-இன் படக்காட்சியிலோ, விளக்கு ஏற்றப்படவில்லை. இருட்டையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி அனுப்பினார்கள். இருதரத்தார் கையிலும் இருந்த கருவிகள் ஒன்றே. ஒருவர் கதை என்று கூறிக் கதை காட்டினார். மற்றவர் உண்மை என்று கூறிக் கதை காட்டினார்.

கேட்கவேண்டிய கேள்விகள்

எனவே திகில் படங்களை ஒழிக்க வேண்டுமா? இல்லை. கதை என்று தெரிந்தே அஞ்சி, அஞ்சியதற்காகச் சிரித்து எழுவது மனத்துக்கு நல்ல பயிற்சி. அஞ்சும் இளைஞனைப் பகுத்தறிவு அற்றவன் என்று ஏசவும் வேண்டாம். உடல் துள்ளுவது இயற்கை. துள்ளியபின் மூளை விழித்துக்கொள்கிறதா என்பதே கேள்வி.

அதற்கு ஒரு சிறு பயிற்சி உண்டு. நம்மை நடுக்கிய காட்சியை மீண்டும் ஒருமுறை, ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். அச்சத்தின் பெரும்பகுதி அந்த ஒலிப்பெட்டியிலேயே தங்கிவிடும். பின்னர் கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். இசை எங்கே புகுந்தது, எங்கே நின்றது என்பது புலனாகும். பின் கேளுங்கள்: விளக்கு எங்கே இருக்கிறது? இந்த ஓசை ஏன் இப்போது எழுந்தது? எந்த நிறத்தை யாருக்கு அணிவித்திருக்கிறார்கள்? எந்தப் பாதியை எனக்குக் காட்டாமல் மறைத்தார்கள்?

இந்தக் கேள்விகளைக் கொட்டகையோடு விட்டுவிடலாகாது. இன்று திரை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செய்தி என்று வருகிறது ஒரு காட்சி. அதற்குப் பின்னணியிலே முரசு அதிர்வது ஏன்? ஓர் ஊராரை, ஒரு மதத்தாரை, ஒரு சாதியாரைக் காட்டும்போது மட்டும் படம் கறுத்து, மெதுவாக நகர்ந்து, சிவப்பு வட்டம் விழுவது ஏன்? செய்திக்குப் பின்னணி இசை எதற்கு? உண்மைக்கு வயலின் வேண்டியதில்லை! வயலின் ஒலித்தால், அங்கே நமக்கு ஏதோ அளந்து ஊற்றப்படுகிறது என்று அறிக.

இருளைக் கண்டு அஞ்சாதே என்று சொல்லிவந்திருக்கிறோம். அது போதாது தோழர்களே! இருளும் ஒருவர் செய்து வைப்பதே. சுவரிலே நிழல் ஏறிவரும்போது நிழலையே பார்த்துக்கொண்டு உட்காராமல், தலையைத் திருப்புங்கள். விளக்கைப் பிடித்திருப்பவர் யார் என்று பாருங்கள்.